போனில் ஆங்கிலம் வந்துவிட்டது, விவசாயமும் அப்படி வருமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவர் திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருடம் யூடியூபும் இன்ஸ்டாகிராமும் பார்த்து ஆங்கிலம் கற்றவர். வகுப்புக்கென்று ஒரு ரூபாய் செலவழிக்கவில்லை. இப்போது புதுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பி, அப்பாவின் மூன்று ஏக்கரில் ரசாயனம் இல்லாமல் நெல்லும் உளுந்தும் போட நினைக்கிறார். ஐந்து நாள் பயிற்சிக்குக் கட்டணம் கேட்கிறார்கள், அவர்கள் சொல்லப்போவதெல்லாம் வீடியோவிலேயே இருக்கிறதே, ஆங்கிலம் கற்ற மாதிரி இதையும் கற்றுக்கொள்ள முடியாதா என்பது அவருடைய கேள்வி.

தம்பி, மேலாகப் பார்த்தால் நீங்கள் கேட்பது பயிற்சிக் கட்டணத்தைப் பற்றி. உள்ளே இருக்கும் கேள்வி வேறு. ஒரு விஷயத்தை ஆள் துணை இல்லாமல் போனை மட்டும் வைத்துக் கற்றுக்கொண்டீர்கள், அதே வழி இன்னொரு விஷயத்துக்கும் செல்லுமா என்று கேட்கிறீர்கள். இதற்கு ஆம், இல்லை என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்து நான்கு வருடமாக உழவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஏரிப்பாசனத்திலும் ஆற்றுப்பாசனத்திலும் நெல், அதைத் தொடர்ந்து பயறு, இவைதான் எனக்குக் கைவந்தவை. மலைப்பயிருக்கும் தென்னைக்கும் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கடந்த எட்டு வருடமாக வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகவும் உழவர்களோடு பேசுகிறேன். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுக்கு ஆறு வருடம் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மொழியைப் பற்றி எழுதுவது அந்தப் பழக்கத்தில்.

முதலில் உங்கள் ஆங்கிலத்தையே எடுத்துக்கொள்வோம். உங்கள் கேள்வியின் நடுவில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "கேட்டால் எல்லாம் புரியுது, பேசும்போதுதான் கொஞ்சம் தடுமாறுது, அது போகப்போகச் சரியாகிடும்." எனக்கு இந்த வரிதான் உங்கள் கேள்வியிலேயே முக்கியமான இடமாகப் பட்டது. ஏனென்றால் அது தானாகச் சரியாவதில்லை.

இதைக் கனடாவில் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். 1965-இல் கியூபெக் மாகாணத்தில் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு மழலையர் வகுப்பிலிருந்தே எல்லாவற்றையும் பிரெஞ்சு மொழியில் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தொடங்கினார்கள். அது நாடு முழுக்கப் பரவியது. பல வருடம் அப்படிப் படித்த பிள்ளைகளைச் சோதித்தபோது, கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் பிரெஞ்சையே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தார்கள். ஆனால் பேச்சிலும் எழுத்திலும் அடிப்படையான பிழைகள் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. மெரில் ஸ்வெயின் என்ற மொழியியல் ஆய்வாளர் 1985-இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். கேட்பது மட்டும் போதாது, தானே சொல்லிப் பார்க்க வேண்டும், சொல்லும்போதுதான் தனக்கு எது வரவில்லை என்பதே தெரியும் என்றார்.

நம் ஊரில் இது எப்படி நடக்கிறதென்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'ஏ', 'தி' என்று சின்னச் சொற்கள் வருகின்றன. தமிழில் அவற்றுக்கு நேரான பழக்கம் இல்லை. ஆயிரம் மணி நேரம் ஆங்கில வீடியோ பார்த்தாலும் அந்த 'தி' காதில் விழாமலேயே எல்லாம் புரிந்துவிடும், ஏனென்றால் பொருள் புரிய அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. பேசும்போது மட்டும் காணாமல் போகும். ஒலியும் இப்படித்தான். 'பாரிஸ்' என்பதற்கும் 'பம்பாய்' என்பதற்கும் நாம் ஒரே பகரத்தைத்தான் எழுதுகிறோம். வாய் இரண்டையும் பிரித்துச் சொல்கிறதா என்று வெளியிலிருந்து ஒரு காது கேட்டுச் சொன்னால்தான் உண்டு.

என் மாலை வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கிரிக்கெட் வர்ணனை முழுக்கப் புரியும். ஆங்கிலத்தில் வரும் கொள்முதல் மின்னஞ்சலைப் படித்துவிடுவான். ஆனால் வாயைத் திறந்தால் "ஐ ஆம் ஹேவிங் டூ ஏக்கர்ஸ்" என்பான். 'வைத்திருக்கிறேன்' என்று மனசில் ஓடும் தமிழ் அப்படியே வெளியே வருகிறது. 'ஐ ஹேவ்' என்று சொன்னால் போதும் என்று நான் திருத்தியபோது அவன் கேட்டான்: "நாலு வருஷமா இப்படித்தான் சார் சொல்றேன், ஒருத்தருமே சொல்லலையே?" யார் சொல்லியிருப்பார்கள்? வீடியோவில் பேசுகிறவருக்கு இவன் குரல் கேட்காது.

ஆகவே உங்கள் ஆங்கிலத்தில் காது வந்துவிட்டது, வாய் இன்னும் வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் தலைமுறைக்கு அந்தக் காதே வாய்க்கவில்லை. கல்லூரி முடித்தும் ஒரு ஆங்கிலச் செய்தியை முழுதாகக் கேட்டுப் புரிந்துகொள்ளத் தெரியாமல் நின்றவர்கள் நாங்கள். கிராமத்துப் பிள்ளைக்கு இரவு பத்து மணிக்குக் கட்டிலில் படுத்தபடி உலகத்துப் பேச்செல்லாம் கேட்கக் கிடைப்பது பெரிய வரம். இப்போது பேசினால் பதில் பேசுகிற செயலிகளும் வந்துவிட்டன, அவை ஓரளவு திருத்தவும் செய்கின்றன. ஆனால் பார்த்துக்கொண்டே போகும் வீடியோ ஒன்றைக் கொடுக்கும், இன்னொன்றைக் கொடுக்காது. கொடுக்காதது, உங்கள் தவறை உங்களிடமே எடுத்துச் சொல்லும் ஒருவரை.

இனி வயலுக்கு வருவோம். அங்கே அந்த ஒருவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். நூற்றெண்பது உழவர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணிக்கு ஒருவர் படம் போட்டார். சம்பா நெல், நட்டு அறுபது நாளுக்கு மேல் ஆன பயிர், நடுவில் பாய் அகலத்துக்கு மஞ்சள் திட்டு. அரை மணி நேரத்தில் ஒன்பது பதில். ஆறு பேர் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு என்றார்கள், ஏக்கருக்கு 20 கிலோ யூரியா தூவச் சொன்னார்கள். இரண்டு பேர் துத்தநாகக் குறைவு என்றார்கள். ஒருவர் ஒரு வீடியோவைப் பகிர்ந்து, "இதில் உள்ளபடியே செய்யுங்கள்" என்று போட்டிருந்தார். படம் போட்டவர் வீட்டில் யூரியா மூட்டை இருந்தது. நான் பக்கத்து ஊரில் இருந்ததால் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

வரப்பில் நின்று பார்த்தபோது எனக்கும் அது மஞ்சள் திட்டாகத்தான் தெரிந்தது. உள்ளே இறங்கி, குனிந்து, ஒரு குத்தை இரண்டு கையாலும் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூரில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினேன். அரிசி நொய்யைத் தண்ணீரில் கொட்டியது மாதிரி பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பூச்சிகள் விழுந்து, தண்ணீர் மேலேயே துள்ளிப் பக்கத்துக் குத்தில் ஏறின. புகையான். தண்டின் சாற்றை உறிஞ்சி நெல்லைக் காய வைக்கும் பூச்சி. ஒரே குத்தில் நாற்பதுக்கு மேல் எண்ணினோம். சிலந்தி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சிலந்தி இல்லாத வயலில் சிம்புக்கு, அதாவது குத்திலிருந்து கிளைக்கும் ஒவ்வொரு தண்டுக்கும் ஒன்று, சிலந்தி இருந்தால் சிம்புக்கு இரண்டு, இதுதான் புகையானுக்கு எச்சரிக்கை அளவு. இங்கே அந்த அளவு எப்போதோ தாண்டியிருந்தது.

அன்று யூரியா தூவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. தழைச்சத்து கூடிய இளம் பயிர் புகையானுக்கு விருந்து. நாங்கள் தண்ணீரை வடித்தோம். எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டுப் பயிரைப் பிரித்துக் காற்றும் வெயிலும் தூருக்குப் போகும்படி பட்டம் கட்டினோம். வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசலை, 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு என்ற கணக்கில், சாயங்காலம் தூரில் படும்படி அடித்தோம். காய்ந்த திட்டு காய்ந்ததுதான், மற்றது தப்பியது. கரையேறும்போது அந்த விவசாயி கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது: "போட்டோல இது தெரியலையே சார்?"

அவர் நின்ற வாக்கில் மேலிருந்து எடுத்த படம் அது. பூச்சி இருந்ததோ கீழே. குழுவில் பதில் போட்ட ஒன்பது பேரும் நல்ல மனசோடு, தங்கள் வயலில் கண்டதை வைத்துத்தான் சொன்னார்கள். நெல் இலை மஞ்சளாவதற்கு அரை டஜன் காரணத்துக்கு மேல் உண்டு. எது என்று பிரித்துச் சொல்ல, குனிந்து தூரை விலக்கிப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் வேண்டும். தகவல் எல்லாம் போனில் இருந்தது. புகையானைப் பற்றி நூற்றுக்கணக்கில் வீடியோ இருக்கிறது. அந்த விவசாயியே அதில் சிலவற்றைப் பார்த்திருக்கிறார். தன் வயலில் இருப்பது அதுதான் என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதே புகையான்தான் இந்தோனேசியாவில் உழவர் பயிற்சி முறையையே மாற்றிப்போட்டது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே அரசே பூச்சிமருந்துக்குப் பெரும் மானியம் கொடுத்தது. மருந்து கூடக்கூடப் புகையானும் கூடியது. காரணம் பின்னால் தெளிவாயிற்று. புகையான் முட்டையை இலையுறைக்குள் வைக்கிறது, தெளிக்கும் மருந்து அதைத் தொடுவதில்லை. வெளியே திரியும் சிலந்தியும் மற்ற இரைவிழுங்கிகளும் செத்துவிடுகின்றன. ஒரு வாரம் கழித்துப் பொரித்து வரும் குஞ்சுகளுக்கு எதிரியே கிடையாது. 1986-இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளை அதிபர் ஆணையால் தடை செய்தார்கள். 1989-இல் உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளி என்ற முறையைத் தொடங்கினார்கள்.

அந்தப் பள்ளி நடந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். ஏறக்குறைய இருபத்தைந்து உழவர்கள், வாரத்துக்கு ஒரு காலை, நடவிலிருந்து அறுவடை வரைக்கும். ஐந்தைந்து பேராகப் பிரிந்து வயலில் இறங்கி, குத்துக் குத்தாகப் பார்த்து எண்ணுவார்கள். கரைக்கு வந்து ஒரு பெரிய தாளில் படம் வரைவார்கள். நடுவில் பயிர், ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சி, மறுபக்கம் நன்மை செய்யும் பூச்சி, மேலே வெயிலா மேகமா, கீழே தண்ணீர் எவ்வளவு. பிறகு மருந்து வேண்டுமா வேண்டாமா என்று அவர்களே பேசி முடிவு செய்வார்கள். யாராவது ஒரு பூச்சியைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் பயிற்சியாளர் உடனே பெயரைச் சொல்ல மாட்டார். "எங்கே பார்த்தீர்கள்? என்ன செய்துகொண்டிருந்தது?" என்று திருப்பிக் கேட்பார். பானையில் ஒரு நெல் குத்தை நட்டு, வலை கட்டி, அதற்குள் புகையானையும் சிலந்தியையும் விட்டு, சிலந்தி சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்க வைப்பார்கள். நானும் என் பயிற்சிகளில் பழைய கொசுவலைத் துணியை வைத்து இதைச் செய்கிறேன். அதைப் பார்த்த பெண்கள் அடுத்த வாரம் வயலில் சிலந்தி வலையைக் கண்டால் கலைக்காமல் சுற்றிப் போகிறார்கள். எந்த வீடியோவும் என் கண் முன்னால் இந்த மாற்றத்தைச் செய்ததில்லை.

ஆனால் இந்தப் பள்ளி முறையைப் பற்றியும் எல்லாம் முடிந்த முடிவு என்று சொல்ல மாட்டேன். பயிற்சி பெற்றவர்கள் மருந்தைக் குறைத்தார்கள் என்று பல ஆய்வுகள் காட்டின. 2004-இல் உலக வங்கி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வோ, இந்தோனேசியாவில் பயிற்சி பெற்றவர்களிடமும் அவர்களுடைய அக்கம்பக்கத்தாரிடமும் விளைச்சலிலோ மருந்துச் செலவிலோ குறிப்பிடும்படியான மாற்றம் தென்படவில்லை என்றது. இரண்டையும் வைத்துப் பார்த்தால், ஒருவர் வயலில் கண்டு கற்றது பக்கத்து வயல்காரருக்கு வாய்ப்பேச்சில் போய்ச் சேரும் என்ற நம்பிக்கைக்குத்தான் ஆதாரம் மெலிவாக இருக்கிறது. பயிற்சியைப் பெரிதாக்கும்போது வயல் நாட்களைக் குறைத்துப் பேச்சை அதிகமாக்கிவிடுவதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இது நான் வேலை பார்த்த இடங்களில் கண்டதை வைத்துச் சொல்வது.

வீடியோவால் பயனே இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. அதற்கும் ஒரு நல்ல சான்று இருக்கிறது. 2006-இல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி மையத்தில் டிஜிட்டல் கிரீன் என்ற முயற்சி தொடங்கியது. அந்தப் பகுதி உழவர்களையே வைத்து வீடியோ எடுத்து, அக்கம்பக்கத்து ஊர்களில் கூட்டம் கூட்டிக் காட்டினார்கள். கர்நாடகத்தில் 16 கிராமங்களில் 13 மாதம் சோதித்துப் பார்த்தார்கள். வழக்கமாக அலுவலர் வந்து சொல்லிவிட்டுப் போகும் முறையோடு ஒப்பிட்டால், புதிய முறைகளைக் கையில் எடுத்த உழவர்கள் ஏழு மடங்கு ஆனார்கள். ஆனால் அங்கே வீடியோ தனியாக ஓடவில்லை. ஊர்க்காரர் ஒருவர் கூடவே இருந்தார். நடுநடுவே நிறுத்தினார், கேள்வி கேட்டார், யார் செய்து பார்த்தார்கள் என்று பிறகு போய் விசாரித்தார். திரையில் தெரிந்தவரும் நடிகர் இல்லை, பக்கத்து ஊர் விவசாயி. அவர் யார், எந்த ஊர் என்பதைத்தான் பார்த்தவர்கள் முதலில் கேட்டார்கள்.

நம் பக்கத்துப் பழைய கதையும் ஒன்று உண்டு. 1960களில் ஆடுதுறை 27 என்ற குறுகியகால நெல் ரகம் தஞ்சாவூரில் பரவியபோது மக்கள் அதை 'ரேடியோ நெல்' என்றார்கள். திருச்சி வானொலி அவ்வளவு சொன்னது. அந்தப் பெயரைக் கேட்டால் ரேடியோவே நெல்லை நட்டுவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் தஞ்சாவூர், நாட்டிலேயே முதலில் தீவிர வேளாண்மை மாவட்டமாக எடுத்துக்கொள்ளப்பட்டவற்றில் ஒன்று. பேக்கேஜ் திட்டம் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். விதையும் உரமும் கடனும் ஊர் வரைக்கும் வந்தன, கேட்க ஊரில் பணியாளர் இருந்தார். காதில் விழுந்ததை வயலில் சரிபார்க்க ஆள் இருந்ததால்தான் அந்தக் குரல் வேலை செய்தது.

இப்போது நீங்கள் பார்க்கும் இயற்கை விவசாய வீடியோக்களில் எதை எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். ஜீவாமிர்தம் என்ற சாணக் கரைசலைத் தயாரிக்கும் முறையை எல்லா வீடியோவும் ஏறக்குறைய ஒரே மாதிரி, சரியாகவே சொல்கின்றன: 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண், இது ஏக்கருக்கு. சிலவற்றில் "இது மட்டும் போதும், வேறு எதுவும் வேண்டாம்" என்று முடிப்பார்கள். அங்கே தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். பத்து கிலோ பச்சைச் சாணத்தில் தழைச்சத்து ஏறக்குறைய 50 கிராம். பத்து லிட்டர் கோமியத்தில் 100 கிராம் அளவு. பயறு மாவில் 70 கிராம் இருக்கலாம். மொத்தம் கால் கிலோவைத் தொடாது. மாதம் இரண்டு முறை வீதம் நான்கு மாதம் விட்டாலும் இரண்டு கிலோ வராது. ஏக்கருக்கு இரண்டு டன், அதாவது 60 கிலோ மூட்டையில் 33 மூட்டை எடுக்கும் நெல், மண்ணிலிருந்து 30 முதல் 40 கிலோ தழைச்சத்தை இழுக்கிறது.

ஆகவே ஜீவாமிர்தம் தழைச்சத்துக்கான மூட்டை ஆகாது, இது உறுதி. அது மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைத் தூண்டி, மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சத்தைப் பயிருக்கு எடுத்துக் கொடுக்கிறது என்று அதை நம்பிச் செய்பவர்கள் சொல்கிறார்கள். அது எந்த அளவுக்கு என்பது மண்ணுக்கு மண் மாறுகிற விஷயம், விவாதம் இன்னும் முடியவில்லை. மட்கு நிறைந்த மண்ணில் நல்ல விளைச்சல் கண்டவர்களை எனக்குத் தெரியும். புதுக்கோட்டைச் செம்மண்ணில் இரண்டாம் வருடமே பயிர் வெளிறிப்போய் மனம் உடைந்தவர்களையும் தெரியும். உங்கள் மண்ணுக்குத் தழைச்சத்து வரவேண்டிய நேர்வழி தக்கைப்பூண்டு, வளர்த்து மண்ணிலேயே உழுதுவிடும் பசுந்தாள் உரப்பயிர். ஏக்கருக்கு 20 கிலோ விதை, நாற்பத்தைந்தாம் நாள் பூவெடுக்கும் சமயத்தில் மடக்கி உழுதால், நன்றாக வளர்ந்த பயிரிலிருந்து 25 கிலோ அளவுக்குத் தழைச்சத்து மண்ணில் சேரும். அதன் மேல் தொழுவுரம், பிறகு உளுந்து. ஜீவாமிர்தத்தையும் விடுங்கள், தடையில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி நாற்று நடாதீர்கள்.

அளவுகளிலும் கவனம் வேண்டும். டெல்டாக்காரர் வீடியோவில் "மாவுக்கு இவ்வளவு" என்பார். மா என்றால் 100 குழி, 33 சென்ட், மூன்று மா சேர்ந்தால் ஏக்கர். அதை ஏக்கர் என்று எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்குதான் போடுவீர்கள். ஆங்கில வீடியோவில் ஹெக்டேர் கணக்கு வரும், அது இரண்டரை ஏக்கர். பஞ்சகவ்யத்துக்கு 3 சதம் என்றால் 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. கொஞ்சம் கூடினால் நல்லதுதானே என்று ஒரு லிட்டர் ஊற்றி உளுந்து இலை கருகியதைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலம் உங்களுக்குக் கைகொடுக்கப்போகும் இடமும் இதுதான். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் நெல்லைப் பற்றி எழுதி வைத்திருப்பதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில், இலவசமாக, எளிய நடையில் இருக்கிறது. சினிமா ஆங்கிலம் தெரிந்தவருக்கு அங்கே சில சொற்கள் காலை வாரும். 'டில்லர்' என்றால் நமக்குப் பவர் டில்லர் ஞாபகம் வரும், அங்கே அது நெல்லின் சிம்பு. 'நர்சரி' அங்கே நாற்றங்கால். இப்படி ஒரு இருநூறு சொல் போதும், நெல் பற்றிய எந்தப் பக்கத்தையும் படித்துவிடலாம். அப்பா பயன்படுத்திய மருந்து டப்பா வீட்டில் கிடந்தால் அதன் சீட்டையும் ஒரு தரம் முழுக்கப் படியுங்கள். முக்கோணத்தில் சிவப்பு இருந்தால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், நீலம், பச்சை. கடைசியாகத் தெளித்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்றும் அதில் போட்டிருக்கும். ஊரில் இதைப் படித்துச் சொல்லும் ஆளாக நீங்கள் ஆகிவிட்டால், நீங்கள் கற்ற ஆங்கிலத்துக்கு அதைவிட நல்ல வேலை எனக்குத் தோன்றவில்லை.

சரி, பயிற்சிக்குப் போவதா வேண்டாமா? ஆங்கிலத்தில் தவறு செய்தால் அந்த நொடியிலேயே மறுபடி சொல்லிக்கொள்ளலாம், ஒரே நாளில் நூறு தடவை தவறலாம். சம்பாவில் செய்த தவறு தெரியவே ஒரு மாதம் ஆகும், திருத்திக்கொள்ள அடுத்த ஆவணி வர வேண்டும். அதற்குள் அப்பாவின் பணம் மண்ணில் இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே, மொழியைத் தனியாகக் கற்ற துணிச்சலில் வயலைத் தனியாகக் கற்க இறங்காதீர்கள் என்று சொல்கிறேன். அதே நேரம், மண்டபத்தில் ஐந்து நாள் உட்கார வைத்துத் திரையில் படம் காட்டி அனுப்பும் பயிற்சி உங்களுக்கு வேண்டாம். அது கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடியோ, அவ்வளவுதான்.

உங்கள் மாவட்டத்தில் வம்பனில் வேளாண் அறிவியல் நிலையமும் தேசிய பயறு ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. வம்பன் 8, வம்பன் 10 என்று உளுந்து ரகங்கள் வந்தது அங்கிருந்துதான். உளுந்தில் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் விதை எது என்று நேரில் போய்க் கேளுங்கள். அவசரத்துக்குக் கிசான் கால் சென்டர் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம். முதல் வருடம் மூன்று ஏக்கரையும் மாற்றாதீர்கள். ஒரு ஏக்கரில் இயற்கை முறை, மற்ற இரண்டில் அப்பாவின் பழக்கப்படி நடக்கட்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே வயல் இருக்கும், வீட்டில் பேச்சும் குறையும்.

வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், வயலில் கோணலாக நடந்து பத்து குத்தை விலக்கித் தூரைப் பாருங்கள். சிலந்தி எத்தனை, புகையான் எத்தனை, தண்ணீர் எத்தனை விரற்கடை என்று நோட்டில் எழுதுங்கள். குழுவில் படம் போடும்போது நாலு விஷயம் சேர்த்துப் போடுங்கள்: ரகம், நட்ட தேதி, கடைசியாக என்ன போட்டீர்கள், தூரின் படம். அங்கேயே வரப்பில் நின்று, அன்று பார்த்ததை ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்து, திருத்தக்கூடிய ஒரு ஆளுக்கு அனுப்புங்கள். திருப்பூரில் கூட வேலை பார்த்தவர்களில் நன்றாகப் பேசுகிற ஒருவர் இருப்பார். என்னிடம் படித்த இரண்டு பெண்கள் ஒரு சம்பா முழுக்க இப்படிச் செய்தார்கள். அறுவடைக்குள் வாய் திறந்துவிட்டது, வயலும் கண்ணுக்குப் பழகிவிட்டது.

பயிற்சி நடத்துபவருக்கு இந்த வாரமே போன் செய்து ஒன்று மட்டும் கேளுங்கள்: "நாற்று நட்டு முப்பதாம் நாளும் அறுபதாம் நாளும் என் வயலுக்கு வருவீர்களா, இல்லை, நீங்கள் பார்க்கிற வேறு வயலுக்காவது என்னைக் கூட்டிப் போவீர்களா?" வருகிறேன் என்றால் கட்டணத்தைக் கட்டுங்கள், அந்தப் பணம் வீண் போகாது. சந்தேகம் வந்தால் வீடியோ அனுப்புகிறேன் என்றால், அந்தப் பணத்தில் தக்கைப்பூண்டு விதை வாங்குங்கள். ஒரு ஏக்கருக்கு 20 கிலோ. ஆடியில் ஒரு மழை விழுந்ததும் தெளித்துவிட்டால் ஆவணிக் கடைசியில் மடக்கி உழலாம், புரட்டாசியில் நடவுக்கு நிலம் தயாராக இருக்கும்.